எந்த மாநிலத்துப் பிள்ளைகள் இவர்கள்?

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று காத்துக் கிடக்கும் வீடுகள் நம்மிடையே ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. லேக் கார்டன்ஸ் தண்டவாளத்துக்கு இப்பாலும் அப்பாலும், லேக் மார்க்கெட் கடைகளின் பின்கட்டுகளிலும், கார்டன் ரீச் குவார்ட்டர்ஸிலும், தொலைவில் கரக்பூரிலும் இத்தகைய வீடுகள் இருக்கின்றன. மெஸ்ஸில் சமையல் செய்ய வந்தவரின் மகளும், கலாசியாகச் சேர்ந்தவரின் பேரனும் டாக்டராக எண்ணுவது நமக்குப் பெருமையே. ஆனால் நீட் தேர்வு முடிந்து, மதிப்பெண் தெரிந்து, கவுன்சிலிங் சுற்றுகள் ஓடும் அந்த இரண்டு மூன்று மாதங்களில் இக்குடும்பங்கள் படும் பாட்டைச் சங்க அறையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் என்ற முறையில் சில விஷயங்களை மூடி மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

காத்திருப்பு நம் கையில் இல்லை. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 12இல் நடந்த தேர்வுக்கு நவம்பர் 1இல் முடிவு வந்தது. அகில இந்திய ஒதுக்கீட்டில் இடப் பங்கீடு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றதால் கவுன்சிலிங் தொடங்க 2022 ஜனவரி 19 ஆயிற்று. 2024இல் ஜூன் 4 அன்று முடிவு வெளியானது. அறுபத்தேழு பேர் முழு மதிப்பெண், 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண், வினாத்தாள் கசிவு என்று நாடே கொந்தளித்தது. மறுதேர்வு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல ஜூலை 23 ஆனது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பது நாளும் பிள்ளைகள் சோறு தண்ணீர் இல்லாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வையே ஒழிக்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அது நிராகரிக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வங்காளச் சட்டமன்றமும் 2024 ஜூலையில் தீர்மானம் போட்டது. அந்தப் போராட்டத்தில் நாமும் உடன்படுகிறோம். ஆனால் நாளைக்கே நீட் ஒழிந்தாலும் நம் பிள்ளைகளின் தொல்லை ஒழியாது. அது வேறு தொல்லை.

அது என்ன? எந்த மாநிலத்துப் பிள்ளை என்ற கேள்விதான்.

வங்காள அரசின் பங்கில் உள்ள இடங்களுக்குப் போட்டியிட, பத்தாண்டு தொடர்ந்து இங்கே வசித்ததற்கோ பெற்றோர் இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பதற்கோ சான்று வேண்டும். இருபது வருஷமாக வாடகை வீட்டில் ரசீது இல்லாமல் குடியிருக்கும் நம் ஆட்கள் அதை வாங்கவே நாலு வாசல் ஏறி இறங்குகிறார்கள். சரி, சான்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலோ பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலோ உள்ள குடும்பத்துப் பெண், இங்கே பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும். அவள் சாதி வங்காளத்துப் பட்டியலில் இல்லை. ஊரில் சேரியில் பிறந்த பாட்டனின் இழிவு ஆரம்பாக்கம் ஸ்டேஷனைத் தாண்டியதும் கழுவிப் போய்விட்டது என்பது சட்டத்தின் கணக்கு!

தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினால், 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நல்ல சட்டம். அதை வரவேற்றவர்கள் நாம். ஆயினும் அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. பிழைப்புக்காக அப்பன் ஹவுரா வண்டி ஏறியதால் மகன் அதற்கு வெளியே நிற்கிறான். பூர்வீகம் அங்கேதான் என்று காட்ட நேட்டிவிட்டி சான்றிதழும், தாய் தகப்பனின் பழைய பள்ளிச் சான்றும், ரேஷன் அட்டையும் கேட்பார்கள். ரேஷன் அட்டையில் பெயரை வெட்டி இங்கே மாற்றிக்கொண்டவர் எதைக் காட்டுவார்? சிலர் இரண்டு மாநிலத்திலும் 'இதுவே என் சொந்த மாநிலம்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அதைச் செய்யவே வேண்டாம். கண்டுபிடித்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

இந்தச் சட்டக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதுவும் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கே. ஆந்திரத்துத் தெனாலியில் பழங்குடிப் பட்டியலில் உள்ள சமூகத்தில் பிறந்த ஒரு பையன். தகப்பனாருக்கு உர நிறுவனத்தில் உத்தியோகம், பம்பாயில் போஸ்டிங். பையன் ஒன்பது வயதில் பம்பாய் வந்து அங்கேயே படித்து மருத்துவத்துக்கு மனுப் போட்டான். உன் சான்றிதழ் ஆந்திரத்துக்குத்தான் செல்லும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை போயிற்று. பட்டியல் என்பது அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது, குடிபெயர்ந்தவருக்கு அது கூட வராது என்று 1990இல் தீர்ப்பாயிற்று. 2018இல் ஐந்து நீதிபதிகளின் அமர்வும் இதையே உறுதி செய்தது. நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசியல் சட்டத்தின் 341, 342ஆம் பிரிவுகளில் உள்ள சொற்களை அது அப்படிப் படித்தது. பட்டியலைத் திருத்தும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு இருக்கிறது. 1951இல் சென்னை மாகாணத்துக் கம்யூனல் ஜி.ஓ.வை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றபோது, அதுவும் மருத்துவக் கல்லூரி இடம் பற்றிய வழக்குத்தான், அதே ஆண்டில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். ஏன்? தமிழ்நாடு தெருவில் இறங்கிக் கேட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் டில்லியிலும் சிதறிக் கிடக்கும் நமக்காக யார் கேட்பார்? இங்கே எந்தத் தொகுதியிலும் நம் ஓட்டு கணக்கில் வராது. ஊரில் நமக்கு ஓட்டே இல்லை. பிறந்து வளர்ந்த மாநிலத்தில் பத்தாண்டு படித்த பிள்ளைக்கு, தகப்பன் ஊர்ப் பட்டியலின் பலன் கல்விக்காகவாவது கிடைக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. இரண்டு மாநிலத்து எம்.பி.க்களிடமும் இந்த மனுவை எடுத்துச் செல்வோம்.

நிற்க. சட்டம் மாறும் வரை பிள்ளைகள் வயது காத்திருக்காது. இன்று திறந்திருக்கும் கதவு எது என்றால், அகில இந்திய ஒதுக்கீடு. அதுவும் சும்மா வரவில்லை. வசிப்பிடத்தைக் காட்டி மாநிலங்கள் எல்லா இடத்தையும் பூட்டி வைப்பது தகாது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் விளைவு அது, 1986இல் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் என்று நிலைத்தது. அதில் வசிப்பிடம் கேட்பதில்லை. நம் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லும். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதமும் 2021 முதல் அதில் உண்டு. கல்யாணியில் உள்ள எய்ம்ஸுக்கும் இதே மத்திய கவுன்சிலிங்தான்.

ஆனால் சான்றிதழ் மத்திய அரசு கேட்கும் படிவத்தில் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் கிரீமி லேயர் இல்லை என்ற சான்றை ஆண்டுதோறும் ஏப்ரல் 1க்குப் பிறகு புதிதாக வாங்க வேண்டும். இதை அறியாமல், பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பழைய கையெழுத்துக் கார்டை நம்பி வந்த ஒரு காவலாளித் தோழரை நாம் பார்த்தோம். மகளுக்கு நல்ல ராங்க். கோரமண்டலில் ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து, தாலுகா ஆபீசில் நின்று, கம்ப்யூட்டரில் பெயர் ஓரெழுத்து மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, இரண்டாம் முறையும் போனார். அதற்குள் முதல் சுற்று முடிந்துவிட்டது. இடம் பின்னால் கிடைத்தது. ஆனால் சம்பளமில்லா லீவில் அவர் இழந்ததை யார் கொடுப்பது? எனவே ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே காகிதங்களைச் சரிபாருங்கள்.

இன்னொரு கதவு நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. ஜோகாவில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. கழகத்தின் கல்லூரிகளில் காப்பீடு பெற்ற தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அதற்குத் தகப்பனோ தாயோ காப்பீட்டாளர் என்ற சான்றை, அறிவித்த நாளுக்குள் கழகத்திடம் பெற வேண்டும். சந்தா இத்தனை காலம் கட்டியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் கடைச் சிப்பந்தி, கான்ட்ராக்ட் தொழிலாளி, செக்யூரிட்டி வேலையாள் எல்லாரும் இ.எஸ்.ஐ.க்குள் வர வேண்டியவர்களே. சம்பளத்தில் பிடித்த பணத்தை முதலாளி கட்டினாரா என்று இன்றைக்கே பாருங்கள். லேக் கார்டன்ஸில் பஜ்பஜ் வண்டி ஏறி மாஜேர்ஹாட்டில் இறங்கினால் ஜோகாவுக்கு மெட்ரோ. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாம் எட்டிப் பார்க்கவில்லை.

இனிப் பணம். அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடியும். விடுதி, சாப்பாடு, புத்தகம்தான் செலவு. தனியார் கல்லூரி என்றால் லட்சங்கள். மத்திய கவுன்சிலிங்கில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து டிக் அடித்தால் டெபாசிட் மட்டும் இரண்டு லட்சம் கேட்கும். அரசு இடங்களுக்கு மட்டும் என்றால் பொதுப் பிரிவுக்குப் பத்தாயிரம், ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு ஐயாயிரம். கை நடுங்காமல் படித்துப் பார்த்து அழுத்துங்கள். சீட் வாங்கித் தருகிறேன் என்று லேக் மார்க்கெட் காபிக் கடையில் வந்து உட்காரும் புரோக்கருக்கு ஒரு காசு கொடுக்க வேண்டாம். 2022இல் உக்ரைனிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்ததை நினைவில் வையுங்கள்.

கடன் வாங்குவதே கேவலம் என்று எண்ணும் நம் பெரியவர்கள், கந்து வட்டிக்காரரிடம் மட்டும் கூசாமல் போகிறார்கள். கணக்குப் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டியில் ஒரு லட்சம் வாங்கினால் ஆண்டுக்கு அறுபதாயிரம் வட்டி. வங்காள அரசு 2021இல் தொடங்கிய மாணவர் கடன் அட்டையில் நான்கு சதவீதத் தனி வட்டி. பத்து லட்சத்துக்கே ஆண்டுக்கு நாற்பதாயிரம்தான். திருப்பிக் கட்டப் பதினைந்து ஆண்டு. பத்தாண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், அவ்வளவே. இதன்றி, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேற்படாதவர்களுக்கு விவேகானந்தர் பெயரிலான மாநில உதவித்தொகையில் மருத்துவ மாணவருக்கு மாதம் ஐயாயிரம் என்று விதி இருக்கிறது. தாழ்த்தப்பட்ட மாணவருக்கான மத்திய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் வருமான வரம்பு இரண்டரை லட்சமே. அதை மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம் வழங்க வேண்டுமாம். பாருங்கள், மறுபடியும் அதே கேள்வி! மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்ட வித்யாலட்சுமி திட்டத்தில் முன்னணிக் கல்லூரிகளில் சேர்வோருக்குப் பிணையில்லாமல் கடன் உண்டு. விதிகளை ஆண்டுதோறும் மாற்றுவார்கள். மனுப் போடும்முன் சங்கத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ரயில்வேயில் உள்ளவர்கள் ஸ்டாஃப் பெனிஃபிட் ஃபண்ட் உதவித்தொகையை மறந்துவிடுகிறார்கள். சர்க்குலர் நோட்டீஸ் போர்டில் ஒட்டியே இருக்கும், படிப்பவர்தான் இல்லை.

ஒரு பேச்சு: 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, பெண்ணை இந்தப் படிப்புக்கே அனுப்ப வேண்டாம் என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். தாய்மாரின் பயம் நியாயமானது. ஆனாலும் பெண்ணை வீட்டில் நிறுத்துவது குற்றவாளிக்குத் தண்டனை ஆகாது, பெண்ணுக்குத்தான் தண்டனை.

இவ்வளவு வழிகள் இருந்தும் குடும்பங்கள் ஏன் நகையை அடகு வைக்கின்றன? இதை நாம் பல நாள் யோசித்தோம். இடம் ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து சேருவதற்கு ஒரு வாரம் போலத்தான் அவகாசம். வங்கியோ அட்மிஷன் கடிதம் கொண்டு வா என்கிறது; கொண்டு போனால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்று வாரக்கணக்கில் இழுக்கிறது. உதவித்தொகை வருவது ஆண்டு முடிவில். அந்த ஒரு வாரத்துக்கும் வங்கிப் பணம் வரும் நாளுக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில்தான் தாலிக்கொடி விழுகிறது. பத்து லட்சம் தர நம் சங்கத்தால் முடியாது. அந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு பலகை போட முடியும். முதல் கட்டணத்தையும் வழிச் செலவையும் வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுப்பது, வங்கிப் பணம் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது. பணம் சுழன்றுகொண்டே இருக்கும்.

அதற்கு முதல் எங்கே? இங்கேதான் சில நண்பர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். பொங்கல் விழாவுக்கு நாம் மேடை, விளக்கு, ஒலிபெருக்கி, ஊரிலிருந்து வரும் பேச்சாளருக்கு விமான டிக்கெட் என்று செலவிடுகிறோம். இரண்டு ஆண்டு விழாவைப் பூங்காவில் பானை வைத்து, நம் பிள்ளைகள் பாட்டோடு நடத்தி, மிச்சத்தை இந்த நிதிக்கு மாற்ற வேண்டும் என்பது ஆசிரியர் குழுவின் யோசனை. விழா நின்றால் சங்கமே தேய்ந்துவிடும் என்ற வாதத்தையும் கேட்டோம். விழாவை நிறுத்தச் சொல்லவில்லை, மேடையைச் சுருக்கச் சொல்கிறோம். இந்நகரில் படித்து டாக்டர்களாகி நல்ல நிலையில் இருக்கும் நம்மவர்கள் ஆளுக்கு ஒரு மாணவரின் முதல் கட்டணத்தை ஏற்றால் மேடையைக்கூடச் சுருக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தனிக் கடிதம் போகிறது. வரும் பொதுக்குழுவில் இது ஓட்டுக்கு வரும். எதிர்ப்பவர்களும் அவசியம் வந்து பேச வேண்டும்.

ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சங்க அறையில் காகிதங்களைச் சரிபார்க்க இருவர் இருப்பார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், தகப்பனாரின் சாதிச் சான்று, இ.எஸ்.ஐ. கார்டு, இங்கே குடியிருப்பதற்குக் கையில் எது இருக்கிறதோ அது, எல்லாவற்றையும் எடுத்து வரவும். பிள்ளையையும் அழைத்து வரவும். ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அவர்கள்தான்.