48 நாள் விரதம் சரி, மீதி 317 நாள்?

 

போன ஞாயிறு நாங்க கோயில் தொண்டர்கள் ஆறு பேர் ஷா ஆலாம் தாவரவியல் பூங்காவுக்குப் போய் சைக்கிள் ஓட்டினோம். கிள்ளான்ல இருந்து பக்கம்தான். நம்ம ஆளுங்க இன்னும் புக்கிட் சஹாயான்னு சொல்ற அதே இடம். சைக்கிள் இல்லாதவங்க அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். ரெண்டு பக்கமும் காடு, நடுவுல தார் ரோடு. போட்டி கிடையாது, வேகம் கிடையாது. மேடு வந்தா இறங்கித் தள்ளினோம். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியாச்சு, இதுல என்ன வெட்கம்?

ஏன் போனோம்னு சொல்லணும். எங்களோட இருபது வருஷம் காவடி எடுத்த ஒரு அண்ணன். இனிப்புநீர் முத்தி வலது கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்ல நாற்காலியில உட்கார்ந்திருந்தார். ரதம் கடந்து போனப்போ எழுந்து நிக்கப் பார்த்தார், முடியல. எங்களுக்கு அவர் முகத்தைப் பார்க்க மனசு வரல.

2019 தேசிய சுகாதார ஆய்வு சொல்லுது: நாட்டுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்புநீர். இந்தியர்கள்ல 31.4 விழுக்காடு. நம்ம அன்னதானப் பந்தியில பத்துப் பேர் உட்கார்ந்தா மூணு பேர்.

தைப்பூசம்னா 48 நாள் விரதம் இருக்கோம். ஜாலான் துன் எச்.எஸ்.லீ மாரியம்மன் கோயில்ல இருந்து பத்துமலை வரைக்கும் ரதத்தோட நடக்குறோம், 272 படி ஏறுறோம். அப்புறம்? மீதி 317 நாளும் அரைக் கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற கோயிலுக்குக் கூட கார்தான். வெளியே வந்தா கேசரி, தே தாரிக்.

சாமி வேலைக்கே நேரம் பத்தல, இதுல சைக்கிளான்னு சிலர் கேக்குறாங்க. உடம்பு விழுந்துட்டா சாமி வேலையை யார் செய்யறது? உலக சுகாதார நிறுவனம் கேக்குறது வாரத்துக்கு 150 நிமிஷம்தான். ஒரு நாளைக்கு அரை மணி, அஞ்சு நாள். பக்கத்துல வர்றவரோட பேச முடியணும், தேவாரம் பாட மூச்சு பத்தக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உள்ளவங்களுக்கு ஞாயிறு காலை டத்தாரான் மெர்டேக்கா இருக்கு. குறிப்பிட்ட நேரம் வரைக்கும் சுத்தியுள்ள சில ரோட்டுல கார் விடமாட்டாங்க. ஓட்டி முடிச்சு அப்படியே மாரியம்மனைக் கும்பிட்டு வரலாம்.

இனிப்புநீர் உள்ளவங்க முதல்ல டாக்டரைக் கேளுங்க. செருப்பு வேணாம், ஷூ போடுங்க. வீட்டுக்கு வந்ததும் பாதத்துல புண் இருக்கான்னு பாருங்க. ஊசி போடுறவங்க கையில ஒரு மிட்டாய் வச்சுக்குங்க.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாசல் பக்கம் சைக்கிளைப் பூட்ட ஒரு கம்பி போட்டுக் கொடுங்க. கேசரியைக் கொஞ்சம் சின்னக் கரண்டியால வைங்க. அம்மன் கோவிச்சுக்க மாட்டா.

அடுத்த ஞாயிறும் பூங்கா கதவு திறக்குற நேரத்துக்கு நாங்க அங்க இருப்போம். அந்த அண்ணனும் வர்றார். தண்ணீர் போத்தல் எல்லாம் அவர் பொறுப்பு.

முருகன் துணை.