மெலிந்த மடிக்கணினியும் எஸ்.பி. ரோடும்



எடை குறைந்த மடிக்கணினிகள் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் பேருந்தில் தொங்கியபடி போகிறவனுக்குத் தோளில் ஒரு கிலோ குறைவது பெரிய விஷயம்தான். நானும் அந்த ஆசையில்தான் வாங்கினேன்.

இரண்டே வருடத்தில் ரேம் போதவில்லை. எஸ்.பி. ரோடு கணினிக் கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்து, "போர்டிலேயே பற்றவைத்திருக்கு சார், கூட்ட முடியாது" என்றார். 'செங்கல்' போலக் கனத்த என் பழைய மடிக்கணினிக்கு இதே கடையில் பத்து நிமிடத்தில் கூடுதல் ரேம் மாட்டியிருந்தார்கள்.

2008இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தபால் உறைக்குள்ளிருந்து உருவிக் காட்டிய முதல் மேக்புக் ஏரிலும் ரேம் போர்டில் பற்றவைத்ததுதான், யு.எஸ்.பி. துளையும் ஒன்றே ஒன்று. இன்றும் பல மெலிந்த மாடல்களில் புரொஜெக்டருக்கு ஒரு டாங்கிள், பென் டிரைவுக்கு ஒரு டாங்கிள். (அவற்றை மறந்துவிட்டுப் போகும் நாளில்தான் மீட்டிங் இருக்கும்!) விசிறி இல்லாத மாடல்கள் சத்தம் போடாது, ஆனால் நீண்ட நேரம் வீடியோ எடிட் செய்தால் சூடேறி, வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

கடிதம், கணக்கு, இணையம் என்றால் தாராளமாக வாங்கலாம். ரேமை மட்டும் முதலிலேயே 16 ஜி.பி.யாக எடுத்துவிடுங்கள். ரேமை மாற்ற முடியுமா, முடியாதா என்பதை நிறுவனங்கள் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு