அலைவரிசை காவல் காக்காது

கொல்லிமலையில் தோட்ட வீடு கட்டிப் பூட்டிவிட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஊர் திரும்புகிறவர்களிடம் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “ரிமோட் கேட்டுங்க. ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு ஃப்ரீக்வென்சி. நம்மளது இல்லாம திறக்காது” என்பார்கள். சமவெளியிலும் இதே நம்பிக்கைதான். இது முழுத் தவறு.

நம் சந்தையில் விற்கும் கேட் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை 433.92 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. கம்பியில்லா அழைப்பு மணியும் பல கார் சாவிகளும் பேசுவது அதே இடத்தில்தான். அலைவரிசை என்பது பொதுப்பாதை. அதில் யாரும் நடக்கலாம். உங்கள் கேட்டை அடுத்த வீட்டுக் கேட்டிலிருந்து பிரிப்பது, அந்த அலையில் ஏறிச் செல்லும் குறியீடு, அதாவது ‘கோடு’ மட்டுமே.

அந்தக் கோடு எப்படிப்பட்டது? ரிமோட்டுக்குள் எட்டு குட்டி ஸ்விட்சுகள் இருந்தால் மொத்தமே 256 கோடுகள். பன்னிரண்டு இருந்தால் 4,096. 2015-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி கம்கார், விற்பனை நின்றுபோன ஒரு பொம்மைக் கருவியை மாற்றியமைத்து, இத்தகைய கராஜ் கதவுகளைப் பத்து நொடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். ‘ஈவி1527’ சிப் வைத்த ரிமோட்டுகளில் பத்து லட்சத்துக்கு மேல் அடையாள எண்கள் உண்டு. அது போதாதா என்றால், போதாது. எத்தனை முறை அழுத்தினாலும் போவது அதே எண். ஊகிக்கவே வேண்டாம், ஒருமுறை கேட்டுப் பதிந்தால் முடிந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காப்பி ரிமோட் செய்வது அதைத்தான்.

ரோலிங் கோடு வேறு வகை. தென்னாப்பிரிக்காவில் 1980-களில் உருவான கீலாக் முறையில், ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிய 32 பிட் கோடு போகும். பழையதை ரிசீவர் ஏற்காது. அதையும் 2008-இல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஆய்வகக் கருவியும் தேர்ந்த அறிவும் தேவைப்பட்டன. மாறாத கோட்டை நகலெடுக்க இரண்டு ரிமோட்டுகளை அருகருகே வைத்து அழுத்தத் தெரிந்தால் போதும்.

“மலையில் யார் வந்து இதெல்லாம் செய்யப் போகிறார்கள்?” என்று கேட்கலாம். நகரத் தெருவில் கேட் அகாலத்தில் திறந்தால் எதிர்வீட்டார் எட்டிப் பார்ப்பார். வாரம் முழுக்க ஆளில்லாத தோட்டத்தில் யார் பார்ப்பது? திருட வருகிறவனுக்கு அங்கே அவசரமே இல்லை.

ஆகவே கேட் போடுகிறவரிடம் மெகாஹெர்ட்ஸை விசாரிக்காதீர்கள், “ரோலிங் கோடா, ஃபிக்ஸட் கோடா?” என்று கேளுங்கள். “எந்தக் கடையிலும் காப்பி போட்டுக்கலாம் சார்” என்று அவர் பெருமையாகச் சொன்னால், அந்த ரிமோட் வேண்டாம். ஏற்கெனவே மாட்டியிருந்தால் ரிசீவரை மாற்றுங்கள். மலையிறங்கும் நாளில் மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கேட்டுக்கு ஒரு நல்ல பூட்டும் போடுங்கள்.