சான்றிதழ் உண்டு, சம்பளம் இல்லை: கானுயிர்ப் பயிற்சியில் யாருக்கு இடம்?

ஏப்ரல் வந்தால் கோவைக் கல்லூரிகளின் வாட்ஸப் குழுக்களில் ஒரு வகை அறிவிப்பு சுற்ற ஆரம்பிக்கும். கானுயிர்ப் பாதுகாப்புக் கல்வியில் கோடைக்காலப் பயிற்சி, இரண்டு மாதம், ஊதியம் கிடையாது, தங்குமிடம், சாப்பாடு, பயணச் செலவு அவரவர் பொறுப்பு, முடிவில் சான்றிதழ். அப்படி ஒன்றை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் எனக்கு அனுப்பி, "இதுக்குப் போலாங்களாக்கா?" என்று கேட்டார்.

அவருடைய வீடு திருப்பூர் பக்கம். விடுமுறையில் பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமைதோறும் வரும் அந்தக் கூலியில்தான் அடுத்த ஆண்டுக் கல்லூரிக் கட்டணம் சேர வேண்டும். அவர் கேட்டது பயிற்சி நன்றாக இருக்குமா என்று மட்டுமல்ல. இரண்டு மாதக் கூலியையும் விட்டு, கையிலிருப்பதையும் செலவழித்துப் போக அது தகுமா என்றும் சேர்த்துத்தான்.

எனக்கு அது பழைய கேள்வி. இளநிலை படிக்கும்போது இப்படி ஒரு பயிற்சிக்குப் போய், மூன்றாவது வாரம் காசு தீர்ந்து ஊர் திரும்பினேன். சான்றிதழ் கிடைக்கவில்லை. "ஆர்வம் போதவில்லை" என்றார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆய்வுப் படிப்புக்கான நேர்காணலில் "கள அனுபவம் இல்லையே" என்றார்கள். அன்று என்னுடன் வந்து கடைசிவரை தங்கியவர்களின் அறிவில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்களைத் தங்க வைத்தது அறிவு மட்டுமில்லை; வீட்டிலிருந்து வந்த பணமும்தான்.

கொங்கு நாட்டில் நிலமும் மில்லும் யார் கையில் சேர்ந்தன, அந்த நிலத்திலும் மில்லிலும் யார் கூலிக்கு நின்றார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பளமில்லாத பயிற்சி, அந்தத் தலைமுறைச் சேமிப்பையே நுழைவுத் தேர்வாக்கி விடுகிறது. இடஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் வந்த பிள்ளைகள் இந்தத் தேர்வில் சத்தமில்லாமல் கழிக்கப்படுகிறார்கள். இதற்கு இனச்சுழற்சிப் பட்டியல் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும், விண்ணப்பிக்கவே முடியாதவர்களின் கணக்கு எங்கும் இருக்காது.

இதைக் கோவையில் பேசியாக வேண்டும். 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. 1985-இல் சாலி வாக்கர் தொடங்கிய ஜூ அவுட்ரீச் அமைப்பு இந்த ஊரிலிருந்துதான் தெற்காசிய நாடுகளுக்குக் கானுயிர்க் கல்வியைக் கொண்டுசென்றது. 1990-இல் தொடங்கப்பட்ட சாலிம் அலி பறவையியல் மையம் ஆனைகட்டிக்கு வந்தது. தெற்கே ஆனைமலைப் புலிகள் காப்பகம். இப்படிப்பட்ட ஊரில் பயிற்சி பெறுகிறவர்கள்தான் நாளை காட்டைப் பற்றி எழுதுவார்கள், முடிவெடுப்பார்கள்.

அவர்கள் ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தால், பாடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். யானையோடு வாழும் இருளர் பிள்ளைகளுக்கு, யானையிடம் எப்படி நடந்துகொள்வது என்று நகரத்திலிருந்து போனவர் வகுப்பெடுப்பார். காட்டுக்குள் வழிகாட்டும் காடர், மலசர் பெரியவருக்கு நாள் கூலி. ஆய்வேட்டில் நன்றியுரையில் ஒரு வரி. 2019 ஆகஸ்ட் மழையில் ஆனைமலையின் கல்லார்குடிக் காடர்கள் நிலச்சரிவில் வாழ்விடத்தை இழந்தார்கள். அருகிலுள்ள தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டபோது வனத்துறை அப்புறப்படுத்தியது. எஸ்டேட் குடியிருப்பில் ஒண்டியிருந்து, போராடி, 2021-இல்தான் அந்த இடத்தில் பட்டா பெற்றார்கள். வன உரிமைச் சட்டமோ 2006-இலேயே வந்துவிட்டது. நான் பார்த்த எந்தக் கானுயிர்ப் பயிற்சியின் பாடத்திட்டத்திலும் அந்தச் சட்டம் இல்லை.

"சிறிய அமைப்புகளிடம் பணம் ஏது?" என்று கேட்பார்கள். பலரிடம் இல்லைதான். வௌவாலையும் பாம்பையும் பார்த்ததும் அடிக்கக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது நல்ல வேலை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஜீப்புக்கும் கேமராவுக்கும் திட்ட அறிக்கையில் தொகை எழுதத் தெரிந்தவர்களுக்கு, மாணவருக்கு ஒரு வரி எழுதுவது கடினமா? கோவையின் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் தொழிற்பழகுநராகச் சேரும் ஐடிஐ மாணவருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. லேத்தில் பழகுவது வேலை. காட்டில் பழகினால் அது சேவை ஆகிவிடுமா?

நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பயிற்சிக்கு உதவித்தொகை வேண்டும். குறைந்தபட்சம் தங்குமிடமும் சாப்பாடும் பயணச் செலவும் வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஆதிவாசிப் பெரியவர்களை ஆசிரியர்களாக அழைத்து, ஆசிரியருக்குரிய ஊதியம் தர வேண்டும். பாடத்தில் வன உரிமைச் சட்டம் இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனங்கள் இதை முதலில் செய்யட்டும். தோழர்களே, உங்கள் கல்லூரிக்கு இப்படி ஒரு அறிவிப்பு வந்தால், விண்ணப்பிக்கும் முன் துறைத்தலைவரிடம் இதைக் கேளுங்கள். போக வசதி உள்ளவர்களும் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் "இதுக்கு ஆர்வம் இல்லை" என்று தட்டிக்கழிக்க முடியாது.

அந்த மாணவியிடம், "உதவித்தொகை உண்டா, இல்லைன்னா ஏன் இல்லைன்னு ஒரு மெயில் போட்டுக் கேளு கண்ணு" என்றேன். போட்டார். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை முதல் அவர் பனியன் கம்பெனிக்குப் போகிறார்.