நரம்பிசை நமக்கெதற்கு என்போருக்கு

“தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு வயலின் எதற்கு, டீச்சர்?”

அண்மையில் பெரியவர் ஒருவர் இவ்வாறு வினவினார். சிறு நரம்பிசைக் குழு ஒன்றைச் செடெனாக்கிற்கு அழைத்து, பள்ளி மண்டபத்தில் ஒரு மணி நேரம் வாசிக்கச் செய்யலாமே என்று நான் கூறியதற்குக் கிடைத்த மறுமொழி அது. கூட்டம் வராதாம், வந்தாலும் விளங்காதாம், அதற்கும் மேலாக, அது வெள்ளைக்காரன் இசையாம்!

அன்பர்களே, கடைசிக் குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அக்கருவியில் தேர்ந்து, 1834-இல் சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார். இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியைக் காண்பதே அரிது. யாழை வழக்கொழிய விட்டவர்கள் நாம். விபுலாநந்த அடிகள் அதன் இலக்கணத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியிட வேண்டியதாயிற்று. தரையில் அமர்ந்து, காலில் ஊன்றி, நம் வழக்கப்படியே வாசித்து நமதாக்கிக்கொண்ட வயலினையும் அயலதென்று தள்ளப் போகிறோமா?

சென்னையில் வி. எஸ். நரசிம்மன் என்னும் வயலின் கலைஞர் இருக்கிறார். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) இசைத்தொகுப்பில் ஒலிப்பது அவருடைய வயலின்தான். பெயர் தெரியாவிட்டாலும் நம் காதுகள் அவரை அறியும். அவர் 1993-இல் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை அமைத்தார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அவ்வளவே. கர்நாடகக் கீர்த்தனைகளை ராகம் சிதையாமல் மேலை ஒத்திசைவோடு வாசித்துக் காட்டிய குழு அது. ‘வெள்ளைக்காரன் இசை’ என்போர் அதை ஒருமுறை கேட்டுவிட்டு என்னிடம் வரட்டும்.

விளங்காது என்கிறார்களே, யாருக்கு விளங்காது? திருவிழாவில் உறுமி மேளத்தைத் தாளம் பிசகாமல் அடிக்கிறான் பன்னிரண்டு வயதுப் பையன். அவனிடம் இல்லாதது இசையறிவன்று, வாய்ப்பு. பள்ளியில் நாம் அவன் கையில் கொடுப்பதெல்லாம் ரெக்கார்டர் குழல் ஒன்றுதான்.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தடியில் 1998 முதல் பில்ஹார்மோனிக் அரங்கம் இருக்கிறது. பால்மரமும் செம்பனையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களில் எத்தனை பேர் அதன் படியேறியிருப்பர்? அவர்கள் அங்கே போக முடியாதென்றால் இசைதான் இங்கே வர வேண்டும். நால்வர் குழு ஒரே வேனில் வந்து இறங்கிவிடும். இடிமுழக்க ஒலிபெருக்கி வேண்டாம். வண்ண விளக்கு வேண்டாம். கலை இரவு என்ற பெயரில் திரைப்பாடலை ஒலிநாடாவில் ஓடவிட்டு வாயசைப்பதற்கு நன்கொடை திரட்டும் சங்கங்கள், அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்? (ஒலிநாடா மறைந்துவிட்டது, வாயசைப்பு மட்டும் மறையவில்லை!)

செம்பனை நின்ற செடெனாக் நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழுகின்றன. எனவே பிள்ளைகளுக்குக் கணினி போதும் என்கின்றனர் சிலர். கணினி வேண்டாமென்று நான் சொல்லவில்லையே! சிறுவர்க்கென்றே கால், அரை, முக்கால் அளவுகளில் வயலின் கிடைக்கிறது. முதலில் ஒரு கச்சேரி நடக்கட்டும். கேட்ட பிள்ளைகளில் இருவர் “எனக்கும் வேண்டும்” என்று வந்து நின்றால், எந்த அளவில் வாங்குவதென்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசிக்கொள்வோம். மண்டபத்து விசிறிகளின் இரைச்சல்தான் ஒரு தொல்லை. வெயில் தாழ்ந்தபின், மாலை ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் அவற்றையும் நிறுத்திவிடலாம்.