அம்மன் விரதமும் ராத்திரி ஊசியும்



மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு சமயபுரத்தில் பச்சைப் பட்டினி விரதம் தொடங்குகிறது. மற்ற கோயில்களில் அம்மனுக்காகப் பக்தர்கள் விரதம் இருப்பார்கள். இங்கே பக்தர்களுக்காக மாரியம்மனே 28 நாள் விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், கரும்பு, பானகம், இளநீர் இவைதான் நைவேத்தியம். அம்மனோடு சேர்ந்து விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி, ஸ்ரீரங்கத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொள்ளிடம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வழியாக நடக்கிறவர்கள் சித்திரைத் தேர் வரைக்கும் ஓய மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் நடக்கிறார்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னது. பூத்தட்டு ஏந்தி வரும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார். இந்த மாதம் அவர்களோடுதான் பேச நினைக்கிறேன், குறிப்பாக ராத்திரி ஒரே ஒரு ஊசி போட்டுக்கொள்கிறவர்களோடு.

“நாளைக்கு விரதம், சாப்பிடப் போறதில்ல, அப்புறம் ஊசி எதுக்கு?” என்று நம் வீட்டு அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசிக்கு அது பொருந்தும். ராத்திரி ஊசியின் வேலை வேறு. நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சும்மா இருப்பதில்லை. மூளைக்கும் உடம்புக்கும் வேண்டிய சர்க்கரையை இரவு பகலாக விட்டுக்கொண்டே இருக்கும். அதை அடக்கி வைக்கத்தான் இந்த ஊசி. கொள்ளிடத்து மணலில் தோண்டிய ஊற்றுப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இறங்கும். அடியோடு நிறுத்தினால் பட்டினியிலும் சர்க்கரை ஏறும். டைப் 1 நோயாளி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இப்படிக் கசிந்து இறங்கும் ஊசி எடுத்த எடுப்பிலேயே வந்துவிடவில்லை. 1922 ஜனவரி 11-ஆம் தேதி டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் போட்டார்கள். அந்தக் கால மருந்து சில மணி நேரம்தான் தாங்கும். 1936-இல் டென்மார்க் மருத்துவர் ஹேகடோர்ன், மீனிலிருந்து எடுத்த புரோட்டமினைக் கலந்து அதை நீட்டித்தார். 2000-இல் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின் வந்தது. அது லேசான அமிலத்தன்மை உள்ள தெளிந்த திரவம். தோலுக்கு அடியில் போனதும் நுண்ணிய துகள்களாகப் படிந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் கரைந்துகொண்டிருக்கும். அந்த அமிலத்தன்மை கெட்டுவிடும் என்பதால்தான் இதை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. பின்னால் வந்த டெக்லுடெக் 42 மணி நேரத்துக்கு மேலும் நிற்கும்.

இவ்வளவு நேரம் நிற்பதுதான் இதன் நன்மை. கவனம் வேண்டியிருப்பதும் அதனால்தான். போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. முழு அளவையும் போட்டுக்கொண்டு, பட்டினியோடு பதினைந்து கிலோமீட்டர் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். ரமலான் நோன்பு இருக்கிறவர்களுக்கென்று உலக அளவில் வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறார்கள்: ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள், நீண்ட நேர இன்சுலினைப் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் குறைப்பார்கள் என்று அது சொல்கிறது. நத்ஹர் வலி தர்கா இருக்கும் திருச்சியில் நோன்பு இருக்கிறவர்களுக்கு உரிய அந்த முன்யோசனை, சமயபுரத்துக்கு நடக்கிறவர்களுக்கும் வேண்டும். உங்கள் அளவு எத்தனை யூனிட் என்று இந்தப் பக்கம் சொல்லக் கூடாது. மாலை போடுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் போய்க் கேளுங்கள். “விரதம்” என்று மட்டும் சொல்லாதீர்கள், “ராத்திரி முழுக்க நடப்பேன்” என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் ஊசி எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கலக்கினால் பால் போல வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் 30/70 கலவை. அதில் சாப்பாட்டு ஊசியும் சேர்ந்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பது மிகவும் ஆபத்து. கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும்; கலங்கியிருந்தால் கெட்டுவிட்டது, எறிந்துவிடுங்கள்.

சிரிஞ்சு விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்தும் இருக்கிறது, 100 யூனிட் உள்ள மருந்தும் இருக்கிறது. 40-க்கான சிரிஞ்சில் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. பேனாவில் இருப்பது பெரும்பாலும் 100. பேனா பழுதாகிவிட்டது என்று அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 20 யூனிட் என்று நினைத்து 50 யூனிட் போட்டுவிடுவீர்கள். யாத்திரை அவசரத்தில், அடுத்தவர் சிரிஞ்சைக் கடன் வாங்கும்போது இது நடக்கலாம். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் இன்னொரு முறை போடாதீர்கள். சர்க்கரை பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

பிரித்த கிளார்ஜின் பேனாவுக்கு ஆயுள் 28 நாள், அதுவும் 30 டிகிரிக்குக் கீழே. அம்மன் விரதமும் அதே 28 நாள்தான்: பூச்சொரிதல் அன்று பிரித்தால் பங்குனி கடைசி ஞாயிறோடு அதை ஒதுக்கிவிட வேண்டும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்த மருந்துக்கு அந்த 28 நாளும் நிச்சயமில்லை. ஈரத்துணியில் சுற்றிய சின்ன மண்கலயம் நல்ல துணை. ஐஸ்மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உதவாது.

வழியில் கை நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால், பேச்சு குழறினால் உடனே உட்காருங்கள். கூட நடப்பவர்கள் அதை அருள் வந்ததாகவோ வெயில் மயக்கமாகவோ எடுத்துக்கொண்டு தண்ணீர் தெளிப்பதோடு விட்டுவிட வாய்ப்பு உண்டு. மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது நல்ல இனிப்பான பானகம் ஒரு டம்ளர். மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் காத்திருக்காமல் கொடுத்துவிடலாம். அம்மனுக்குப் படைக்கிற அதே பானகம். அதைக் குடித்தால் விரதம் கெடாது. வோக்ளிபோஸ் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் வெல்லமும் சர்க்கரையும் சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ் பொடியே வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தெளிந்ததும் நடக்கக் கிளம்பாமல், இட்லியோ பழமோ சாப்பிடுங்கள், ஏனென்றால் உள்ளே ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. வீடு திரும்பிய இரவிலும் சர்க்கரை இறங்கலாம். படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெறுங்காலோடு நடந்தவர் பாதத்தையும் வீட்டில் யாராவது விளக்கடியில் பார்க்கட்டும். மரத்த காலுக்குக் கொப்புளம் தெரியாது.

நீர்மோர்ப் பந்தல் போடும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோமீட்டரும் சில குளுக்கோஸ் பாக்கெட்டுகளும் வையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108-ஐக் கூப்பிடத் தெரிந்த ஒருவர் அந்த இரவு முழுக்கப் பந்தலில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்