பாஸ்போர்ட் இல்லாத பச்சைக்குழந்தை



"வெளிநாட்டில் வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா சார்?" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். 2008இல் நடந்ததைச் சொன்னேன்.

ஜப்பானியத் தம்பதிக்காகக் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஜூலையில் ஒரு குழந்தை பிறந்தது. அதற்குள் தம்பதி விவாகரத்து செய்துவிட்டார்கள். பெற்றெடுத்தவளே தாய் என்பது ஜப்பான் சட்டம். அதனால் ஜப்பான் பாஸ்போர்ட் இல்லை. இங்கேயோ தாய் யார் என்றே குழப்பம். பாட்டி ஜப்பானிலிருந்து வந்து பார்த்துக்கொண்டார். உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போனது. நவம்பரில்தான், இந்தியா தந்த அடையாளச் சான்றிதழோடு குழந்தை ஜப்பான் போனது.

பெரியவர்கள் போட்ட ஒப்பந்தத்துக்குப் பால்குடிக் குழந்தையா தவிப்பது? ஆசைப்படுவது தப்பில்லை அம்மா. ஆனால் மருத்துவமனையில் பணம் கட்டுவதற்கு முன், "பிறக்கும் குழந்தைக்குப் பாஸ்போர்ட் தருவீர்களா?" என்று தூதரகத்தில் எழுதிக் கேள். பதில் கையில் வரட்டும். பிறகு தொட்டில் வாங்கலாம்.